நாலு சைக்கிளுக்கான ஸ்டாண்டு

"மொத்தம் எத்தனை சைக்கிளுங்க?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"நாலு," என்றான் ருட்கர்.

"அஞ்சு," என்றாள் வியெட்ஸ்கெ, அதே நொடியில்.

கடைப்பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ருட்கர் அளவு நாடாவைச் சுருட்டியபடி சிரித்தான். "நாலுதாங்க. என்னோடது ரெண்டு, இவளோடது ஒண்ணு, பையனோடது ஒண்ணு. வீட்டுக் கொட்டகை அகலத்துக்கு அதுக்கு மேல நுழையாது."

"யில்டவோடது?"

"அவ பாதி நாள்தானே இங்க இருக்கா, வியெட்ஸ்கெ. வேலி ஓரமா சாத்திக்கட்டும். இத்தனை நாள் அப்படித்தானே போகுது?"

வியெட்ஸ்கெயின் காதுமடல் சூடேறியது. அவளும் ருட்கரும் நெதர்லாந்தின் லியூவார்டன் நகரில் ஒரே வீட்டில் குடித்தனம் தொடங்கி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் தன் மகன் சிப்ரனோடு வந்தான், அவள் தன் மகள் யில்டவோடு. யில்டவுக்கு ஒரு வாரம் இங்கே, மறு வாரம் பக்கத்து ஊரில் அப்பா வீட்டில். மழையோ பனியோ, இரண்டுக்கும் நடுவே சைக்கிளில்தான் போய் வருவாள்.

"உன் ரேஸ் சைக்கிள் எத்தனை நாள் வெளியே போகுது?" என்று கேட்டாள் வியெட்ஸ்கெ. "ஞாயித்துக்கிழமை, அதுவும் வெயில் அடிச்சா. அதுக்கு இடம் உண்டு. தினமும் பள்ளிக்கூடம் போற பொண்ணோட சைக்கிளுக்கு இல்லை."

"அது கார்பன், வியெட்ஸ்கெ. மழையில விட முடியுமா?"

"அவ இரும்பு, அதனால விடலாம். அப்படித்தானே?"

"ஏன் இப்படிக் கத்துற? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

கடைப்பெண் டயர்கள் இருந்த பக்கம் நழுவினாள். வியெட்ஸ்கெ திரும்பிப் பார்க்காமல் வெளியேறித் தன் சைக்கிளில் ஏறினாள். எதிர்க்காற்று முகத்தில் மழையை அறைந்தது. பெடலை மிதித்த மிதியில் பாதி ருட்கரின் மேல் விழுந்தது. நோயாளிகளின் வீடு வீடாகப் போய் மருத்துவம் பார்க்கிற வேலை அவளுக்கு. எதற்கும் பொறுமை இழக்காதவள் என்று பெயர் எடுத்தவள். இன்று அந்தப் பொறுமை போன இடம் தெரியவில்லை.

வீட்டை அடைந்தபோது யில்டவும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். தொப்பலாக நனைந்திருந்தவள், கொட்டகைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வேலிக்குப் போய்ச் சைக்கிளைச் சாத்தினாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துச் சீட்டின் மேல் மாட்டி முடிச்சுப் போட்டாள். யாரும் சொல்லாமலே, பழகிப்போன கைகளால். செயின் செம்பழுப்பாகத் துருவேறியிருந்தது.

வியெட்ஸ்கெ கொட்டகைக் கதவைத் திறந்தாள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்ற சைக்கிள்களுக்குள் கைவிட்டு, ருட்கரின் ரேஸ் சைக்கிளை இழுத்தாள். மற்றவை சடசடவென்று சரிந்தன. அவள் பொருட்படுத்தவில்லை. அதைக் கொண்டுபோய் மழையில், வேலியில் சாத்தினாள்.

"அம்மா, என்னம்மா பண்ற?"

"உன் சைக்கிளை உள்ளே கொண்டுபோ."

"ருட்கர் கத்துவாரும்மா."

"கத்தட்டும். இன்னைக்கு எனக்கும் தொண்டை நல்லாத்தான் இருக்கு."

கார் வந்து நின்றது. ருட்கர் பின்கதவைத் திறந்து நீளமான அட்டைப் பெட்டியை இழுத்தான். நாலு சைக்கிள் நிறுத்துகிற ஸ்டாண்டு. வாங்கியே விட்டான்! பெட்டியோடு திரும்பியவன் வேலியைப் பார்த்தான்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"பாதி நாள்கூட இல்லையே அது! ஞாயித்துக்கிழமை மட்டும்தானே? வேலி ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

"ஒரு ஸ்டாண்டுக்காக இவ்வளவு ஆட்டமா?"

"ஸ்டாண்டுக்காக இல்ல. கடைக்காரி கேட்டப்ப என் பொண்ணை நீ எண்ணவே இல்லை, ருட்கர். மறந்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன். நீ மறக்கலை. யோசிச்சுத்தான் விட்டுட்ட."

"அம்மா, விடும்மா," என்றாள் யில்டவ் மெல்ல. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நான் சைக்கிளை அப்பா வீட்டுலயே வச்சுக்கிறேன். இங்க வரும்போது பஸ்ல வந்துடறேன்."

ருட்கர் பெட்டியைக் கீழே வைத்தான். பிறகு ரேஸ் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரையும் பாராமல் வீட்டுக்குள் போனான். சற்று நேரத்தில் மாடிப்படிச் சுவரில் துளை போடும் சத்தம் கேட்டது. சுண்ணாம்புத் தூள் படியெல்லாம் கொட்டியது. ஒரே ஒரு கொக்கி. சைக்கிள் அதில் சமர்த்தாகத் தொங்கியது.

இருட்டுவதற்குள் ஸ்டாண்டையும் பொருத்தி முடித்தான். யில்டவ் தன் சைக்கிளை உள்ளே உருட்டிவந்து, எங்கே நிறுத்துவதென்று தயங்கினாள். கதவோரத்து இடத்தைக் காட்டினான் ருட்கர். "இங்க விடு. காலையில எடுக்க லேசா இருக்கும்." துருவைத் தொட்டுப் பார்த்து, "செயினுக்கு எண்ணெய் போட்டுத் தரேன்," என்றான்.

யில்டவ் தலையசைத்தாள்.

பட்டாணி சூப்பைப் பரிமாறும்போது அவன் வியெட்ஸ்கெயைப் பார்த்தான். "இப்ப சரியாப்போச்சுல்ல?"

"சைக்கிளுக்குச் சரியாப்போச்சு," என்றாள் அவள். கிண்ணத்தை அவன் முன்னால் வைத்த வேகத்தில் சூப் மேசைமேல் சிந்தியது. துடைக்க இருவருமே எழவில்லை.