நாளைக் காலை நிகழ்ச்சி

இறந்து கிடந்த கணவரின் தொண்டையில் இருந்த துளையை மறைக்க, அவருடைய சட்டையின் மேல் பட்டனைப் போட முயன்றுகொண்டிருந்தாள்.

"விடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அண்ணன் என்னைக்கு மேல் பட்டன் போட்டிருக்கார்?"

அப்போதுதான் பங்காளி வந்தார். உறவு ஒன்றும் இல்லை. கம்பெனியில் பாதி அவருடையது என்பதால் வீட்டில் வைத்த பெயர். இறந்தவரின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்தார்.

"நாளைக் காலை நிகழ்ச்சி ரெடியா இருக்குக்கா. போட்டுடலாமா?"

சாவை மறைத்துவிடப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வானொலியில் கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிப் பேர் வாங்கிய மனுஷன், அவள் கணவர். அந்த வேலையை உதறிவிட்டுத்தான் பாட்காஸ்ட் கம்பெனி தொடங்கினார். போன வருஷம் அறுவை சிகிச்சையில் குரல் போய்விட்டது. பழைய பதிவுகளை வைத்து அதே குரலைக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டார்கள். அவர் எழுதுவார், அது பேசும். கேட்பவர்கள் யாருக்கும் தெரியாது. 'வயசே ஆகலையே சார் உங்களுக்கு' என்று ஒருவர் எழுதியதைக் காட்டி, சத்தமே வராமல் சிரித்தார்.

வீட்டில் மட்டும் அந்தக் குரலைப் பேசவிட்டதில்லை. ஒரே ஒரு தடவை அவள் கெஞ்சியபோது ஃபோனில் எழுதிக் காட்டினார்: 'அவன் ஆபீஸ் ஆளு. வீட்டுக்குக் கூட்டிட்டு வரக் கூடாது.'

"அவர் போயிட்டார்னு சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா கம்பெனியும் கூடவே போயிடும்க்கா. ஆபீஸ் பசங்க தெருவுல நிப்பாங்க. குரல்தான் இருக்கே, பசங்களே எழுதிப் போட்டுடுவாங்க."

"இத்தனை பேர் கேட்டாங்களே. ஒருத்தராவது அழ வேண்டாமா?"

பங்காளி தரையைப் பார்த்தார். "வேணும்னா... அவர் குரல்லயே சொல்லிடலாம்."

"தன் சாவைத் தானே வாசிக்கணுமா?" வாசற்படியில் நின்ற நாத்தனார் சீறினாள். "வாய் கூசலையா உங்களுக்கு?"

"நான் சொல்றேன்," என்றாள் அவள்.

படுக்கையறையின் சுவர் அலமாரிதான் அவருடைய ஒலிப்பதிவுக்கூடம். துணி எதிரொலியைத் தின்றுவிடும் என்று அவளுடைய புடவைகளுக்கு நடுவே மைக்கை வைத்திருந்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். பங்காளி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தலையசைத்தார்.

"என் வீட்டுக்காரர்..." அதற்கு மேல் வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி தொடங்கினாள். "என் வீட்டுக்காரர் இறந்துட்டார். இத்தனை நாளா நீங்க கேட்டது..." குரல் உடைந்து, அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

வெளியே அவரை எடுத்துப்போக வந்த வண்டி ஹாரன் அடித்தது.

"வண்டிச் சத்தம் விழுந்துடுச்சுக்கா," பழக்கத்தில் கையை உயர்த்தினார் பங்காளி. "இன்னொரு தடவை."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு மைக்குக்கு நெருங்கி உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை குரல் எங்கேயும் உடையவில்லை.

பங்காளி கட்டை விரலை உயர்த்தினார். உடனே அந்தக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.