கஞ்சியில் என்ன இருந்தது?

அண்ணி ஜெயலெட்சுமி வாசலில் வைத்துவிட்டுப் போன கஞ்சியை நல்லமுத்து தன் அண்ணனுக்கு ஊட்டவில்லை. ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு ஜெலுத்தோங்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். அண்ணியின் கஞ்சியில் ஏதோ கலந்திருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அங்கே சோதித்து ஒரு கடிதம் தந்தால் நேரே போலீசுக்குப் போகலாம்.

அண்ணன் பழனியப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். 1997 தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படிகளைத் தம்பிக்கு முன்னால் ஏறி முடித்தவர், ஜூனில் வீட்டுக்கு வழி மறந்தார். ஆகஸ்டில் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போட்டது. வயதான மறதி இவ்வளவு வேகமாகவா வரும்? ஜெயலெட்சுமி இரண்டாம் தாரம். கட்டி ஆறு வருடம்தான். சோற்றில் இடுமருந்து வைத்து ஆளைக் கவிழ்த்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. போதாததற்கு, ஆஸ்பத்திரி மூலம் வந்து குறிப்பெடுத்த பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஞானாம்பிகையும் கேட்டார்: "வீட்ல யார் சமைக்கிறாங்க? என்ன இறைச்சி சாப்பிட்டாரு?"

படித்தவரே சாடையாகச் சொன்ன பிறகு என்ன யோசனை? அன்றே நல்லமுத்து அண்ணனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அண்ணி வாசலோடு சரி. மூன்று நாளாக யார் ஊட்டினாலும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஞானாம்பிகை போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "என்னாங்க இது?"

"அண்ணி காய்ச்சுன கஞ்சி. செக் பண்ணுங்க டாக்டர். யார் சமைக்கிறாங்கன்னு நீங்கதான கேட்டீங்க?"

ஞானாம்பிகை போத்தலைக் கீழே வைத்தார். "ஐயோ, அது எல்லா வீட்லயும் கேக்குறதுங்க. நாப்பது கேள்வில அது ஒண்ணு. இங்கிலாந்துல மாட்டு நோய் வந்து, அந்த இறைச்சி தின்னவங்களுக்கு மூளை கெட்டதுலேருந்து இறைச்சியப் பத்திக் கேட்டாகணும். ஏன் கேக்குறேன்னு அப்பவே சொல்லிருக்கணும். என் தப்பு."

இவரையும் அண்ணி வசப்படுத்திவிட்டாளோ? நல்லமுத்து விடவில்லை. "அப்ப எங்க அண்ணனுக்கு என்னாதான் ஆச்சு? மறைக்காதீங்க லா."

ஞானாம்பிகை கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார். "புரதம் இந்த மாதிரி ஒரு நீளச் சங்கிலி. சரியா மடிஞ்சாத்தான் வேலை செய்யும்." விரலால் சுருட்டிக் காட்டினார். கலைத்து, வேறு விதமாக மடித்தார். "அதே சங்கிலி, அதே கண்ணி. மடிப்பு மட்டும் தப்பு. மூளையில 'ப்ரியான்'னு ஒரு புரதம். அதுல ஒண்ணு தப்பா மடிஞ்சா, பக்கத்துல நல்லா இருக்கிறதையும் தன்னை மாதிரியே ஆக்கிடும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அதான் இவ்ளோ வேகம். மத்த மறதி நோய்லயும் வேற புரதங்க தப்பா மடியுது, ஆனா மெதுவா."

"மொதல் ஒண்ணைக் கெடுத்தது யாரு?"

"யாரும் இல்ல. வருசத்துக்குப் பத்து லட்சத்துல ஒருத்தருக்குத் தானா ஆகுது. ஏன்னு எனக்கும் தெரியல. அதைத்தான் தேடுறேன்."

நல்லமுத்து திகைத்தார். இத்தனை படித்தவருக்குத் தெரியவில்லை; பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் தெரிந்திருந்ததே!

"நாளைக்குச் சிம்பாங் அம்பாட்லேருந்து ஒருத்தர் வர்றாரு. வாந்திக்குக் குடுத்து இடுமருந்தை வெளிய எடுக்க..."

"வேணாங்க! முழுங்கவே தடுமாறுறவரு. புரையேறி நாளைக்கே உசுரு போயிடும். இந்த நோய்க்கு மருந்து இல்ல. இருக்கிற வரைக்கும் அவருக்குப் பழகுன கையே ஊட்டட்டும்."

நல்லமுத்து நேரே அண்ணியின் வீட்டுக்குப் போனார். "அண்ணி, கஞ்சியை டெஸ்டுக்குக் கொண்டுபோனேன். தப்புப் பண்ணிட்டேன். அண்ணன் சாப்பிட மாட்டேங்கிறாரு, வாங்க."

ஜெயலெட்சுமி கதவைப் பிடித்தபடி நின்றாள். "அவரைக் கொல்ல எனக்குக் கஞ்சி எதுக்கு தம்பி? பட்டினி போட்டாப் போதாதா? அதைத்தான் மூணு நாளா நீங்க செய்றீங்களே."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நல்லமுத்துவின் வீட்டில் ஜெயலெட்சுமி பழனியப்பனை நிமிர்த்தி உட்கார வைத்து, தொண்டையைத் தடவி, ஒரு கரண்டி ஊட்டினாள். விழுங்கிய பிறகே அடுத்தது. அரைக் கிண்ணம் இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டுச் சுப்பையா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்னா முத்து, மறுபடி அந்தம்மாவையே உள்ள விட்டுட்ட? மருந்து வச்சது யாருன்னு தெரிஞ்சிச்சா?"

"யாரும் வைக்கலண்ணே. ஏன் வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல. அவங்க தெரியலன்னு சொல்லிட்டுக் காரணத்தைத் தேடுறாங்க. நாம தெரிஞ்ச மாதிரி பேசிக்கிட்டு ஆளைத் தேடுறோம். எந்த வீட்ல நோய் வந்தாலும், பக்கத்துல நின்னு பாத்துக்கிறவங்க மேல பழி போடாதீங்க. போட்டா, நோய் கொல்றதுக்கு முன்னாடி நாம கொன்னுருவோம்."