மாத்திரைக்குள் அடைத்த தேயிலை

1.

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. மலேசியாவில், கேமரன் மலையிலிருக்கும் தானா ராத்தா ஊரில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் தன் கணவரிடம், "அதுல ஆன்டிஆக்சிடன்ட் இருக்குங்க, கெடுதலே பண்ணாது" என்று சாமிமேல் சத்தியம் செய்வதுபோலச் சொன்னாள். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் என் கற்பனை.

முதல் தொடக்கம்: 'மலைச்சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்த...'

(வேண்டாம். கேமரன் மலையை எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள்.)

2.

நாகரத்தினம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரம் பிடிப்பவர். அவருடைய அண்ணன் மாரடைப்பில் போனதிலிருந்து மனைவி துளசிக்கு உள்ளூர நடுக்கம். துளசியின் தங்கை கங்கா, கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருப்பவள், பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையும் விற்றாள்.

"ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்க்கா. இயற்கை லா. ஒன்னும் ஆகாது."

நாகரத்தினம் சிரித்தார். "நாள் பூரா தேயிலைக்குள்ளதான் நிக்கிறேன். அதையே டப்பாவுல வாங்கித் தின்னணுமா?"

சிரித்தாலும் தின்றார். துளசி நீட்டிய எதையும் அவர் மறுத்ததில்லை. காலையில் பசியாறும் முன்பே, வெறும் வயிற்றில், ஒன்றுக்கு இரண்டாக.

(ஆன்டிஆக்சிடன்ட்டுக்குத் தமிழில் 'ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி கங்கா ஒரு டப்பாகூட விற்றிருக்க மாட்டாள். பழத்தில், கீரையில், தேயிலையில் எல்லாம் இருப்பதுதான். உடம்பின் செல்களைச் சேதத்திலிருந்து காக்க உதவுவதும்தான். கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது என்பது மட்டும் நாமாகச் சேர்த்துக்கொண்டது.)

3.

சில வாரங்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு கண்ணில் மஞ்சள் படர்ந்தது.

"வேற ஏதாச்சும் மாத்திரை, நாட்டு மருந்து எடுக்கிறீங்களா?" கிளினிக்கில் டாக்டரம்மா கேட்டார்.

"ஒன்னும் இல்ல டாக்டர்."

துளசி திரும்பிப் பார்த்தாள். கணவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஈரல் வீங்கியிருக்கு. தண்ணி அடிப்பீங்களா?"

"அடிப்பேன். நெறையவே."

கோயில் திருவிழாவில்கூட ஒரு சொட்டுத் தொடாத மனிதர். மனைவி கொடுத்தது என்று சொல்வதைவிடக் குடிகாரன் என்று பெயரெடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"பொய் டாக்டர்!" துளசி எழுந்துவிட்டாள். "இவர் குடிச்சதே இல்ல. நான்தான் மாத்திரை குடுத்தேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதை உடனே நிறுத்துங்க. தேத்தண்ணியாக் குடிச்சா பயமில்ல. சாறாக்கி அடைச்சா அளவு எங்கேயோ போயிடும். சில பேரு ஈரல் தாங்காது. நல்லவேளை, சொன்னீங்க."

வெளியே வந்ததும் துளசி அழுதாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீ பயந்துதானே குடுத்தே" என்றார் அவர்.

4.

அவர் தேறிவிட்டார். (சாகடித்தும் ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.) கங்காவையும் முதலில் பேராசைக்காரியாகத்தான் எழுதியிருந்தேன். எழுதிக்கொண்டே போனபோது, அவளும் தினமும் அதையே விழுங்குகிறாள் என்று தெரிந்தது. அதன்பிறகு அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

துளசி கியா பார்முக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கங்காவின் முகம் வெளுத்தது.

"மாமாவுக்கா? ஆனா... உடம்புக்கு உடம்பு மாறும்க்கா. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தியா?"

கங்கா மாத்திரை டப்பாக்களை அடுக்கத் தொடங்கினாள். அப்போது கோலாலம்பூர்க் கார் ஒன்று வந்து நின்றது. ஸ்ட்ராபெரி எடுக்க வந்தவர் மாத்திரை டப்பா ஒன்றைக் கையிலெடுத்து, "இது நல்லதாங்க?" என்று கேட்டார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கங்கா டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். விலை சொன்னாள் என்று இன்னொன்று. இரண்டையும் அவளால் செய்ய முடியும் என்பதால் இரண்டையும் அடித்துவிட்டேன். கேட்டவருக்கு நான் பெயர் வைக்கவில்லை; உங்கள் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும்வரை டப்பா உங்கள் கையில்தான் இருக்கிறது.