பதினெட்டுப் படிக்கு இந்தப் பக்கம்

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினான்காம் எண் படிவத்தை எழுதியவள் நான்தான். நலத்துறையின் படிவப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, நாற்காலியில் என் அளவுக்கு ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பள்ளத்தில் இப்போது யார் உட்கார்ந்தாலும் என்னைப் போலவே கோணலாக யோசிக்கிறார்களாம். பெருமையாகத்தான் இருக்கிறது.

அந்தப் படிவத்தில் 'வேலை' என்றால் என்ன என்று விளக்க ஒரு கட்டம் உண்டு. நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்று எழுதினேன். "எங்கே பார்த்துக்கொள்வது?" என்று மேலிடம் கேட்டது. சாப்பாட்டு நேரம். "வேறு வீட்டில்" என்று இரண்டு வார்த்தை போட்டுக் கட்டத்தை மூடிவிட்டு டப்பாவைத் திறந்தேன். பசியில் எழுதிய அந்த இரண்டு வார்த்தை இருபது வருடம் காத்திருந்து என் சொந்தத் தங்கச்சியின் கழுத்தில் வந்து விழும் என்று யார் கண்டது.

நானும் தங்கச்சியும் ஒரே கட்டடத்தில் எதிரெதிர் வீடு. அவள் புருஷன் கூரை போடுகிறவர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிடங்குக் கூரையிலிருந்து விழுந்தார். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது. ஆள் நல்ல ஆகிருதி. அவர் படுத்தால் கட்டிலுக்கு மூச்சு வாங்கும். அவரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். ஆறு வருடத்தில் ஒரு புண் வந்ததில்லை. என் தங்கச்சி ஒரு பிடி உயரம்தான் இருப்பாள். அவரை அவள் திருப்புவதைப் பார்த்தால், எறும்பு பீரோவை நகர்த்துவது போல இருக்கும். பீரோ நகரும்.

அவர்களுக்கு உதவித்தொகையில்தான் ஜீவனம். போன வருடம் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதற்குக் கொடுப்பது, வாரம் இருபத்தைந்து மணி நேரம் வேலையோ வேலைப் பயிற்சியோ செய்தால்தான் உதவி என்றார்கள். திட்டத்துக்கு 'எழுந்து நில்' என்று பெயர். கடிதத்தைப் படித்துவிட்டு, "எனக்கு எழுதினதா, அவளுக்கு எழுதினதா?" என்று கேட்டார் கூரைக்காரர்.

தங்கச்சிக்குக் கிடைத்த பயிற்சி, அட்டைப்பெட்டி மடிப்பது. பழைய கிடங்கு ஒன்றில் காலையில் நாற்பது பேர் பெட்டி மடிப்பார்கள். மத்தியானம் வேறு நாற்பது பேர் வந்து அதே பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி அடுக்குவார்கள். மறுநாள் காலைக்குப் பெட்டி வேண்டுமல்லவா? அந்தப் பெட்டிகளில் சில ஒரே மாதத்தில் கிழிந்து ஓய்வு பெற்றிருக்கும். ஒரு பெட்டிக்குள்ளும் ஒரு பொருளும் போனதில்லை.

ஒன்பதாம் நாள் அவள் திரும்பி வந்தபோது கூரைக்காரர் தரையில் கிடந்தார். தண்ணீர் சொம்பை எட்டி எடுக்கப் போய் விழுந்திருக்கிறார். நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். நாலு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார்.

"கூரையிலேர்ந்து விழுந்தவன் நான். கட்டில்லேர்ந்து விழுந்ததெல்லாம் ஒரு விழுதலா?" என்றார்.

தங்கச்சி சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பெட்டி மடிக்கப் போகவில்லை. மூன்றே வாரத்தில் அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. துணைக்கு நானும் போனேன்.

எதிரில் உட்கார்ந்திருந்தது ஒரு சின்ன வயசு அதிகாரி. கையில் டேப்லெட். அதை விட்டுவிட்டால் பறந்துபோய்விடும் என்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மரியாதையான பிள்ளைதான்.

"பயிற்சிக்கு வரலைன்னா அடுத்த மாசத்தோட உதவித்தொகை நின்னுடும்மா. மறுபடி சேரணும்னா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

தங்கச்சி வாய்விட்டுப் படித்தாள். "'கடந்த நாலு வாரத்தில் நான் எந்த வேலையும் செய்யவில்லை.' யாரு செய்யலை?"

"நீங்கதான். அது சும்மா வழக்கமான வரிம்மா. எல்லாரும் போடுறாங்க."

"தினம் காலைல அஞ்சு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்கவெக்கிறேன். எட்டு மணிக்குத் துடைச்சுவிட்டு, விரிப்பு மாத்தி, மூத்திரப் பையைக் கழுவி, மறுபடி திருப்பி. அதெல்லாம் என்ன, பொழுதுபோக்கா?"

"அது குடும்பம்மா. வேலைன்னா வேறு வீட்டில் செய்யணும். பாருங்க, படிவத்துலயே போட்டிருக்கு."

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். என் படிவத்தை அப்படியே படம்பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். என் கட்டம், என் கோடு, என் இரண்டு வார்த்தை.

"இதை எழுதின மகராசி யாரோ, அவ வாயில மண்ணைப் போட" என்றாள் தங்கச்சி.

நான் ஜன்னல் வழியாக ஒரு பறவையைப் பார்த்தேன். பறவை எதுவும் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

"கையெழுத்துப் போடலைன்னா நான் என்ன பண்றது?" என்று கேட்டார் டேப்லெட் தம்பி. உண்மையாகவே கவலைப்பட்டார்.

"நிறுத்துங்க. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், சும்மா இருந்தேன்னு என் கையால எழுதித் தர மாட்டேன்." பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டு எழுந்தாள். மாதக் கடைசிவரை பொறுக்கிறேன் என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே உண்மையைச் சொன்னேன். இரண்டு தெரு அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். மூன்றாவது தெருவில், "பசிச்சா ரெண்டு பிஸ்கட்டைத் தின்னுட்டு எழுதியிருக்கலாமேக்கா" என்றாள். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாவத்தைக் கழுவ எனக்கு ஒரு வழி தெரிந்தது. எங்கள் தலைக்குமேல், சரியாகப் பதினெட்டுப் படி ஏறினால், வெல்டர் வீடு. அவர் பெண்டாட்டி மூன்று வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். மாமியார் மட்டும் அவரிடம் மிச்சம். அந்த அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இப்போது ஞாபகம் வந்து வந்து போகிறது. கழுத்தில் விசில் மட்டும் நிரந்தரம். அவரைத் தனியாக விட்டால் அடுப்பைத் திறந்துவைத்துவிட்டு மைதானம் தேடிப் போய்விடுவார். அதனால் வெல்டரும் வேலைக்குப் போகவில்லை. அவருக்கும் அதே கடிதம்.

"நீங்க கீழ போயி கூரைக்காரரைப் பாருங்க. என் தங்கச்சி மேல வந்து உங்க அத்தையைப் பாக்கட்டும். ரெண்டு பேருக்கும் வேறு வீடு. ரெண்டு பேரும் வேலைக்காரங்க" என்றேன்.

வெல்டர் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அத்தை ஒத்துக்கணுமே."

"மாப்பிள்ளை வெளிய போறாரா? எத்தனை மணி நேரம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒத்துக்கொண்டாகிவிட்டது.

அடுத்த ஐந்து வாரம் எங்கள் கட்டடம் பார்க்கவேண்டிய காட்சி. காலை எட்டு மணிக்குத் தங்கச்சி ஏறுவாள், வெல்டர் இறங்குவார், நடுப்படியில் இரண்டு பேரும் ஷிப்ட் மாறுகிறவர்கள் மாதிரி தலையாட்டிக்கொள்வார்கள். அலுவலகத்துக்கு அனுப்பும் வருகைத்தாள்களில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. வெல்டர் கூரைக்காரரை ஒரே தூக்கில் நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னலோரம் தள்ளிக்கொண்டுபோய், எதிர்க் கட்டடத்துக் கூரையைக் காட்டி, "எவன் போட்டது இது? கோணலா இருக்கே" என்பார். கூரைக்காரருக்கு அன்றைக்கெல்லாம் பேச விஷயம் கிடைத்துவிடும். மேலே டீச்சர் விசிலடித்து என் தங்கச்சியைக் குதிக்கவைப்பார். தங்கச்சி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதீர்கள்.

முக்கியமானது, உதவித்தொகை நிற்கவில்லை. நான் காற்றில் நடந்துகொண்டிருந்தேன். தங்கச்சி மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஜெயிச்சாச்சே, இன்னும் என்னடி?"

"என்னத்த ஜெயிச்சோம்? அவருக்கு நான் செஞ்சது இன்னமும் வேலை இல்லைன்னுதானே இருக்கு? படி ஏறினதுக்கு வாங்கிட்டு வரேன், அவ்வளவுதான்."

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை கூரைக்காரருக்குக் காய்ச்சல். தங்கச்சி மேலே போகவில்லை. வெல்டர் கீழே வரவில்லை. பத்தரை மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், டேப்லெட் தம்பி தெருவில் ஸ்கூட்டரை நிறுத்துகிறார். திடீர் பரிசோதனை.

நான் ஓடினேன். என் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கொடுத்து நாலு வருடம் ஆகிறது. அன்றைக்கு இரண்டையும் வலுக்கட்டாயமாகப் பணிக்கு அழைத்தேன். பதினெட்டுப் படி ஏறி வெல்டரைப் பிடித்து இழுத்தேன். டீச்சர் என்ன போட்டி என்று கேட்டார். "ஓட்டம்" என்றேன். பலமாக விசிலடித்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். கீழே வந்து மூச்சு வாங்கத் தங்கச்சியிடம் சொன்னேன்: "ஆபீஸ் தம்பி வந்துட்டார். மேல ஓடு."

அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "போக மாட்டேன்."

"அடியே, எழுதினது இன்னும் மாறலைடி. இங்க பாத்தா நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்."

"வெல்டர் உதவித்தொகையும் போகும்."

அப்போதுதான் கை நின்றது. வெல்டரைப் பார்த்தாள். வெல்டர் தரையைப் பார்த்தார், பிறகு கூரைக்காரரைப் பார்த்தார். "நீ நில்லுக்கா. எனக்கும் அந்தப் படி அலுத்துப்போச்சு" என்றார்.

டேப்லெட் தம்பி வாசலில் நின்றார். எல்லாரையும் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அம்மா, இந்த நேரத்துல நீங்க மேல்வீட்ல இருக்கணும்."

"இன்னைக்கு இல்ல. என் வீட்லதான் இருக்கேன். என் புருஷனைத்தான் பாக்குறேன்."

"அப்போ நான் 'வேலை செய்யவில்லை'ன்னுதான் போடணும்."

"போடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க. இதே கையி, இதே துணி, இதே தூக்குற தூக்கு. மேல செஞ்சா வேலை, இங்க செஞ்சா சும்மா. நடுவுல பதினெட்டுப் படி. அரசாங்கம் எனக்குக் குடுக்கிறது பாத்துக்கிறதுக்கா, படி ஏறுறதுக்கா?"

அவர் திரையைச் சட்டையில் துடைத்தார். அதற்குள் கூரைக்காரருக்குக் குளிர் எடுத்து விரிப்பெல்லாம் நனைந்துவிட்டது. தங்கச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல், "வெல்டர் தம்பி, காலைப் பிடிங்க. அக்கா, நீ முட்டியை வெச்சுக்கிட்டு ஒண்ணும் கிழிக்க வேண்டாம், நகரு" என்றாள். தோள் பக்கம் ஆள் இல்லை.

டீச்சர் விசிலடித்தார். "நீ. நெட்டை. சும்மா நிக்கிறியே, தோளைப் பிடி."

என் வாழ்நாளில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். விசிலுக்குக் கட்டுப்பட்டு டேப்லெட்டைக் கீழே வைத்தவர் இவர் ஒருவர்தான். தோளுக்கடியில் கை கொடுத்தார். தூக்கினார். தங்கச்சி ஈர விரிப்பை உருவி, காய்ந்ததை விரித்து, சுருக்கம் நீவி, "இன்னும் கொஞ்சம் பிடிங்க, சுருக்கம் இருந்தா புண்ணாயிடும்" என்று சாவகாசமாக ஓரங்களைச் செருகினாள். இரண்டு நிமிஷம் இருக்கும். தம்பியின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. இறக்கிவைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தம்பி, இப்ப நீங்க டியூட்டிலதானே?" என்று கேட்டார் கூரைக்காரர், கண்ணைத் திறக்காமலே.

"ஆமாங்க."

"அப்ப சரி."

டேப்லெட் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் எடுத்து வைத்தார். "செய்தார்னு போட்டா பொய். செய்யலைன்னு போட்டா..." என்று நிறுத்தினார்.

என் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். "கீழே இறக்குங்க. இன்னும் கீழே. ஒரு காலிக் கட்டம் இருக்கும்" என்றேன்.

இருந்தது. 'அதிகாரியின் குறிப்பு.' அதையும் நான்தான் போட்டேன். அன்றைக்கு வயிறு நிறைந்திருந்தது. அதன் அடியில் கொசுக்கால் அளவு எழுத்தில் ஒரு விதி: அதிகாரி இங்கே எதையாவது எழுதினால், மேலிடம் பதில் சொல்லும்வரை உதவித்தொகையை நிறுத்தக் கூடாது. நான் ஓய்வு பெறும்வரை இரண்டே பேர்தான் அதில் எழுதியிருந்தார்கள். ஒருவர் 'மழை' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கியிருந்தார்.

"இதை யாரும் தொட்டதே இல்லையே" என்றார்.

"தொட்டா கடிக்காது."

அவர் எழுதினார். எழுதியதைத் தங்கச்சியிடம் திருப்பிக் காட்டினார்: 'சொந்த வீட்டில் கணவரைப் பார்த்துக்கொள்கிறார். நானும் தூக்கிப் பார்த்தேன். வேலைதான்.'

தங்கச்சி இரண்டு தடவை படித்தாள். "வெல்டர் தம்பிக்கும் எழுதுங்க" என்றாள். அவருக்கும் எழுதினார்.

இது நடந்து எட்டு மாதம். இரண்டு வீட்டுக்கும் உதவித்தொகை வருகிறது. அவரவர் வீட்டில் அவரவர் இருக்கிறார்கள். வெல்டர் மட்டும் பழக்க தோஷத்தில் மாலையில் இறங்கி வந்து எதிர்க் கட்டடக் கூரையைத் திட்டிவிட்டுப் போகிறார். ஊர் முழுக்க விஷயம் பரவி, பரிசோதனைக்கு வருகிற எந்த அதிகாரியையும் ஒருமுறை நோயாளியைத் தூக்கவைக்காமல் யாரும் அனுப்புவதில்லை. பாதி அலுவலகம் இடுப்பு வலியில் இருக்கிறது என்று கேள்வி. நான் கிளப்பிவிட்ட கேள்விதான், ஆனாலும் கேள்வி.

போன வாரம் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பதில் இல்லை, ஒரே வரியில் விளக்கம் கேட்டிருந்தார்கள்: மேற்படி வேலை எந்த இடத்தில் நடைபெறுகிறது?

நான் பிரமாதமாக மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். தங்கச்சி அதைப் படித்துவிட்டு மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள். பிறகு கூரைக்காரரை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவளே எழுதினாள்.

'பதினெட்டுப் படிக்கு இந்தப் பக்கம். வந்து பாருங்கள். வரும்போது மாற்றுச் சட்டை கொண்டுவாருங்கள்.'