சாரங்கனா, ஜோதிவேலா?

சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் போகும் பாசஞ்சரில் பின்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் எப்போதும் சத்தம் அதிகம். சீசன் டிக்கெட்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். தூங்க நினைப்பவர்கள் அந்தப் பெட்டியில் ஏறமாட்டார்கள்.

சத்தத்துக்குக் காரணம் மூன்றே பேர். திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த கிருஷ்ணவேணி, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த வேங்கடேசன், தனியார் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திய துர்கா. மூவருக்கும் விழுப்புரத்தில் வீடு. மூவருக்கும் பாட்டுப் பைத்தியம். ஒருவருக்குப் பிடித்தது மற்ற இருவருக்கும் ஆகாது என்பதால்தான் அந்த நட்பு அத்தனை வருஷம் ஓடியது.

வேங்கடேசனுக்கு இசையமைப்பாளர் சாரங்கன்தான் எல்லாம். சாரங்கன் இசையமைத்த ‘மார்கழிக் கடல்’ ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுகிற மனிதர் அவர். துர்காவுக்கு ஆல்பம் என்ற சொல்லே சிரிப்பு. “ஆல்பத்த யாரு சார் முழுசா கேக்கறாங்க? முப்பது செகண்ட், பிடிக்கலையா, தள்ளிவிட்டுப் போய்க்கினே இருக்கணும்” என்பாள். சாரங்கன் பாட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் கேட்க நன்றாக இருக்கிறது என்று அவள் ஒருமுறை சொன்னபோது வேங்கடேசன் மயிலம் ஸ்டேஷனில் இறங்கப் போய்விட்டார். இழுத்து உட்கார வைத்தார்கள்.

கிருஷ்ணவேணியின் கட்சி இந்த இரண்டிலும் சேராது. அவளுக்கு ஜோதிவேல்தான் பெரிய ஆள். ஜோதிவேல் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த மீதிப் பேர் சிரிப்பார்கள். தொண்ணூறுகளில் ஏழெட்டுப் படத்துக்கு இசையமைத்துவிட்டுக் காணாமல் போனவர். படங்கள் ஓடவில்லை. பாட்டுகள் மட்டும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும் டவுன் பஸ்ஸிலும் கொஞ்ச காலம் ஓடின.

“சாரங்கன் பாட்ட நாம கேக்கத்தான் முடியும். ஜோதிவேல் பாட்ட நாம பாட முடியும். என் தொண்டைக்கு எட்டற பாட்டுதான் எனக்குப் பாட்டு” என்பது அவள் வாதம்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. யாருமே ஒத்துக்கொள்ளாத ஒரு கருத்தை ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வம்பு என்று அதற்குப் பெயர். 2017ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கிருஷ்ணவேணி தன் முறை வந்ததும் சொன்னாள்:

“மார்கழிக் கடல்ல ரெண்டாவது பாட்டு இருக்குதே, எல்லாரும் ஆஹா ஓஹோன்றாங்களே, அது சுத்த போரு. அந்தப் பாடகரு மேல மேல போய்க்கினே இருக்காரு. எதுக்குப் போறாருன்னே தெரியல.”

துர்கா கைதட்டினாள். வேங்கடேசனின் முகம் சுருங்கியது. வழக்கமாக அவர் கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்:

“ஜோதிவேல் பாட்டெல்லாம் காது இல்லாதவங்களுக்காகப் போட்டதும்மா. உனக்கு அது போதும்.”

கத்தியிருந்தால் கிருஷ்ணவேணி சிரித்திருப்பாள். அந்த நிதானம்தான் குத்தியது. முண்டியம்பாக்கம் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், மறுநாளிலிருந்து பெண்கள் பெட்டியில் ஏறத் தொடங்கினாள். துர்கா இரண்டு பக்கமும் தூது போய்ப் பார்த்தாள். “அவருக்கு என்ன வயசு, எனக்கு என்ன வயசு? காது இல்லாதவன்னு சொன்னாரே, அந்தாளு மூஞ்சில எப்படி முழிக்கறது?” என்றாள் கிருஷ்ணவேணி. “அது எப்பவும் போல பேசறதுதானே, அதுக்குப் போயி கோச்சிக்கினா?” என்றார் வேங்கடேசன். ஆனால் அவரும் பெட்டியில் முன்போல் பேசுவதில்லை என்று துர்கா சொன்னாள்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில் பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. வண்டி நகரத் தொடங்கிவிட்டது. கிருஷ்ணவேணி ஓடிப்போய்க் கைக்கு எட்டிய பெட்டியில் ஏறினாள். நிமிர்ந்து பார்த்தால் அதே பெட்டி. துர்கா, “அக்கா, இங்க இடம் இருக்கு!” என்று கூவினாள். ஜன்னலோரம் இருந்த வேங்கடேசன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே பார்த்தார்.

அன்று பெட்டியில் புதுக் கூட்டம் ஒன்றும் இருந்தது. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவர்கள். பட்டுப் புடவையும் கனகாம்பரமுமாகப் பத்துப் பதினைந்து பேர். சீட்டெல்லாம் சீர்வரிசைத் தட்டுகள். பழம், பூ, தேங்காய், புடவை, வெற்றிலை. விழுப்புரத்தில் பெண் வீடு, அன்றைக்கு நிச்சயதார்த்தம். நடுவில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலி என்ற அம்மாள்தான் மாப்பிள்ளையின் தாய். மாப்பிள்ளைப் பையன் தட்டுகளுக்கு நடுவே சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

பேரணி ஸ்டேஷனுக்கு வந்த வண்டி அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ மரக்கிளை முறிந்து மின்கம்பி மேல் விழுந்துவிட்டதாம், எடுத்த பிறகுதான் போகுமாம் என்று கேட்டு வந்து சொன்னார்கள். மழை கொட்டியது. ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் போன்களில் டவரும் போய்விட்டது.

பாஞ்சாலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. “பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டா போவ மாட்டேங்குதே. அவங்க இன்னா நெனப்பாங்க? கடல்ல புயல்ல கூட எங்க வீட்டு ஆம்பளைங்க கரை சேந்துட்டாங்க. நான் ரயில்ல மாட்டிக்கினு முழிக்கறேன் பாரு” என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. பையன், “அம்மா, அழாதம்மா, மூஞ்சி வீங்கிப் போட்டோவுல நல்லாருக்காது” என்றான். அதைக் கேட்டு ஒரு பெண் சிரித்தாள். பாஞ்சாலியும் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள்.

“நல்ல காரியத்துக்கு அழுதுக்கினே போவக்கூடாது. யம்மா, யாராச்சும் போன்ல ஒரு பாட்டு வைங்க.”

துர்கா உற்சாகமாகப் போனை எடுத்தாள். ஆப் திறந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“நாலு கோடி பாட்டு கையில இருக்குன்னு சொல்லுவியே?” என்றாள் கிருஷ்ணவேணி.

“டவர் இல்லக்கா. டவுன்லோடு பண்ணி வெக்கணும்னா காசு கட்டணும். நான் ஃப்ரீதான்.”

“அப்ப ஒண்ணு கூட இல்லன்னு சொல்லு.”

“சரி, நீங்கதான் தொண்டைக்கு எட்டற பாட்டுன்னு சொல்லுவீங்களே, பாடுங்களேன்.”

கிருஷ்ணவேணி மாட்டிக்கொண்டாள். பாஞ்சாலி அவள் கையைப் பிடித்துவிட்டாள். “பாடும்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும். ஜல்தியா ஆரம்பி.”

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போது தவிர எங்கேயும் பாடியதில்லை. ஜோதிவேலின் பாட்டு ஒன்றுதான் வாயில் வந்தது. ‘மல்லாட்டை வறுக்கையிலே மணம் வருது மாமா’ என்று வேர்க்கடலையை வைத்துத் தொடங்கும் குத்துப்பாட்டு. முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இரண்டாவது வரியில் கடலோரப் பெண்கள் தாளம் பிடித்துவிட்டார்கள். பல்லவி திரும்ப வந்தபோது, பாட்டை முன்பின் கேட்டிராத துர்காவின் வாயும் சேர்ந்து அசைந்தது. முதல் சரணம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது சரணம் வந்தபோது கிருஷ்ணவேணிக்கு வரி மறந்துபோனது. “வந்து... சந்தை கூடும்...” என்று தடுமாறினாள். கைத்தாளம் மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

“சந்தை கலைஞ்ச பின்னாலும் சலங்கைச் சத்தம் கேக்குது...”

குரல் ஜன்னலோரத்திலிருந்து வந்தது. வேங்கடேசன் ஷட்டரைப் பார்த்தபடியே பாடினார். பாடிய பிறகுதான் தான் பாடிவிட்டதே அவருக்குத் தெரிந்தது போல, சட்டென்று நிறுத்தினார்.

“தம்பி, நிறுத்தாத!” என்றாள் பாஞ்சாலி.

அப்புறம் அவர் திரும்பி உட்கார்ந்தார். இரண்டாவது சரணம் முழுவதும் வந்தது. கிருஷ்ணவேணி கேள்வியே படாத மூன்றாவது சரணமும் வந்தது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருந்தது. காலியான ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தட்டினார். பட்டுப் புடவைப் பெண் ஒருத்தி எழுந்து, இரண்டு சீட்டுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஆடினாள். பக்கத்துப் பெட்டிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்து விசில் அடங்கியதும் கிருஷ்ணவேணி கேட்டாள். மூன்று வாரத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“அண்ணா, காது இல்லாதவங்க பாட்டு உங்களுக்கு எப்படி இவ்ளோ தெரியும்?”

வேங்கடேசன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். “தொண்ணூத்தி மூணுல திண்டிவனத்துல ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுல பாடிக்கினு இருந்தேம்மா. வேல கெடைக்கறதுக்கு முன்னாடி. கோலியனூர் திருவிழாவா, எவன் வூட்டுக் கல்யாணமா, எங்க போனாலும் இந்தப் பாட்டுதான் கேட்டானுங்க. ஒருவாட்டி பாடினா பத்தாது, ஒன்ஸ்மோரு. நான் சாரங்கனோட அந்த ரெண்டாவது பாட்ட, நீ போருன்னு சொன்னியே, அத ஆறு மாசம் பிராக்டீஸ் பண்ணி வெச்சிருந்தேன். ஆத்தங்கரையில நின்னு கத்திக் கத்தி. ஒரு மேடையில கூட பாட வுடல. ஆரம்பிச்சா, ‘மல்லாட்ட! மல்லாட்ட!’ன்னு கத்துவானுங்க. அப்புறம் வேல கெடைச்சுது, வுட்டுட்டேன்.”

தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே, “அன்னிக்கு நீ அதப் போருன்னு சொன்னதும் அந்தக் கூட்டம் மறுபடியும் கத்தற மாதிரி இருந்துச்சு. அந்தக் கடுப்புல உன்னச் சொல்லிட்டேன். தப்புதாம்மா” என்றார்.

கிருஷ்ணவேணி அந்த ஆளை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். சம்பள உயர்வு, முழங்கால் வலி, மகளின் காலேஜ் எல்லாம் பேசியிருக்கிறார். பாடுவேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

“இப்ப பாடுங்க” என்றாள்.

“இன்னாத்த?”

“அந்த ரெண்டாவது பாட்ட. வண்டியும் நவுரல, இறங்கி ஓடவும் முடியாது. எங்களால கத்தி நிறுத்தவும் முடியாது, தொண்ட போயிடுச்சு. பாடுங்க.”

“சார், நார்மல் ஸ்பீடுலயே கேக்கறேன்” என்றாள் துர்கா.

அவர் மறுத்துப் பார்த்தார். பாஞ்சாலி விடவில்லை. கடைசியில் சுருதியைக் குறைத்துக்கொண்டு தொடங்கினார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. ரெக்கார்டில் அந்தப் பாடகர் அங்கே லிஃப்டில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போவார். வேங்கடேசன் படிப்படியாக ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. உச்சியில் குரல் உடைந்தது. “சே” என்று சிரித்துவிட்டு, இரண்டு படி கீழே வந்து, மறுபடி ஏறினார். இந்தத் தடவை எட்டிவிட்டார். அங்கே ஒரு கணம் நின்றார். பையன் தன்னை மறந்து ஒரு தட்டிலிருந்த ஆப்பிளை எடுத்துக் கடித்துவிட்டான். அம்மா கவனிக்கவில்லை.

கிருஷ்ணவேணி அந்தப் பாட்டை நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பாள். அது எதற்காக அங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

முடிந்ததும் பக்கத்துப் பெட்டிக்காரர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

“இன்னாம்மா, இன்னும் போருதானா?” என்று வேங்கடேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ரெக்கார்டுல கேட்டா போருதான். அவரு கஷ்டமே படாம ஏறிடறாரு. நீங்க கஷ்டப்பட்டு ஏறுனீங்க. அதனால நீங்க பாடினதுதான் நல்லாருக்கு.”

“அவர விட நான் நல்லா பாடினேன்னு சொல்றியா? குரலு உடைஞ்சி போச்சே!”

“உடைஞ்சதாலதான்ணா.”

“பைத்தியமா உனக்கு? துர்கா, இவ சொல்றத கேட்டியா? அந்த மனுஷன் எங்க, நான் எங்க!”

“நான் அக்கா கட்சிதான் சார்.”

வேங்கடேசன் இப்போது கத்தத் தொடங்கினார். மூச்சுக் கட்டுப்பாடு என்றார், சுருதி சுத்தம் என்றார், சாரங்கனே கேட்டால் தூக்கில் தொங்குவார் என்றார். கிருஷ்ணவேணியும் விடாமல் பதில் சொன்னாள். அந்தச் சத்தத்தில் வண்டி நகர்ந்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. பாஞ்சாலிதான், “போவுது, போவுது!” என்று கைகூப்பினாள்.

விழுப்புரத்தில் இறங்கும்போது மழை தூறலாகிவிட்டது. பெண் வீட்டார் பிளாட்பாரத்துக்கே வந்து காத்திருந்தார்கள். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எல்லோரும் வந்து சேர்ந்ததைக் கண்டு கட்டிக்கொண்டார்கள். மண்டபம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான், நடந்தே போய்விடலாம் என்றார்கள். ஆனால் தட்டுக்குக் கை போதவில்லை. பாஞ்சாலி சற்றும் யோசிக்காமல் பூத்தட்டைத் துர்கா கையிலும், பழத்தட்டை வேங்கடேசன் கையிலும், புடவைத் தட்டைக் கிருஷ்ணவேணி கையிலும் கொடுத்தாள்.

“சாப்டாம போனீங்கன்னா பாருங்க. தம்பி, நீ மேடையில ரெண்டு பாட்டும் பாடணும்.”

“எத முதல்ல பாடறது?” என்று வேங்கடேசன் கேட்டார். அதற்குத் துர்கா ஒன்று சொல்ல, கிருஷ்ணவேணி வேறொன்று சொல்ல, ஊர்வலத்தின் நடுவே மறுபடி தொடங்கிவிட்டது.

மேம்பாலத்துக்கு அருகே வந்தபோது கிருஷ்ணவேணியின் போன் அடித்தது. தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள். கணவர்தான்.

“எங்க இருக்க? டவரே கிடைக்கல. பயந்துக்கினு இருக்கேன்.”

“ஊருக்கு வந்துட்டேங்க. எனக்குச் சோறு வெக்காதீங்க. ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போறேன்.”

“யாருக்கு நிச்சயதார்த்தம்?”

கிருஷ்ணவேணி முன்னால் போகும் பையனைப் பார்த்தாள். பெண்ணின் தம்பி பிடித்த குடைக்குக் கீழே கூச்சத்தோடு நடந்துகொண்டிருந்தான்.

“தெரியல. பேரு கேட்டுக்கினு வந்து சொல்றேன்” என்றாள்.