பாத்தியில் சிந்திய மக்காச்சோளம்

2025 நவம்பர் 9, ஞாயிறு

இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். பிக்கப் வண்டியின் பின்கதவைச் சரியாகத் தாழிடாமல் மான்களுக்கான தீனிப்பாத்தியின் குறுக்கே ஓட்டினேன். பின்னால் கோழிகளுக்கு வாங்கிய மக்காச்சோள மூட்டை கிடந்தது. தையல் பிரிந்து, பாத்தியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மஞ்சளாக ஒரு கோடு விழுந்திருக்கிறது.

வேறு எங்கே சிந்தியிருந்தாலும் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் மிசௌரி மாநிலத்தில், விதைத்து முளைத்த பயிரை மேய வரும் மானைச் சுடலாம். கொட்டிக் கிடக்கும் தானியத்தைத் தின்ன வருவதைச் சுடக் கூடாது. அது இரை போட்ட இடம். கடைசி மணியையும் அகற்றிப் பத்து நாள் கழிந்த பிறகே அங்கே உட்காரலாம். மான் வேட்டைக் காலமோ வரும் சனிக்கிழமை திறக்கிறது.

பாத்தி நடீன் சித்திக்காகப் போட்டது. மே மாதம் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். எங்கள் சரிவில் மற்ற இடங்களெல்லாம் மரப்பரண்கள், ஏணி ஏறவேண்டும். கோலூன்றிப் போய் உட்கார இது ஒன்றுதான் உண்டு. நான் போகும் விவசாய மாலை வகுப்பில் சொன்னபடி மண்ணைச் சோதித்து, சுண்ணாம்பு போட்டு, ஆகஸ்டு கடைசியில் குளோவர் என்ற தீவனச் செடியின் விதையும் கோதுமையும் தூவினேன். ஓரத்தில், மறைந்து உட்கார்ந்து சுட ஒரு கூடாரம் அடித்தேன். அதற்கு நடைப்பலகை கொண்டுபோகத்தான் இன்று வண்டியை உள்ளே விட்டேன். சுற்றிப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று தெரியவில்லை.

வெர்லின் சித்தப்பா சமையலறையில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அட போடா. காட்டு வான்கோழி ரெண்டு நாள்ல பொறுக்கித் தின்னுரும். நீ தமுக்கு அடிக்காத."

"தின்னு முடிச்ச நாள்லேருந்துதானே பத்து நாள், சித்தப்பா?"

"யாரு பாக்கப் போறா? வேட்டை அதிகாரி வந்து குளோவருக்குள்ள முட்டி போட்டு எண்ணுவாரா?"

"யாரு எதை எண்ணுறது?" கோலை ஊன்றியபடி சித்தி வாசலில் நின்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். முதலிலிருந்து மறுபடி சொன்னேன். சித்தி உட்காரவில்லை.

"எவ்வளவு கொட்டுச்சு?"

"பாதி மூட்டை இருக்கும், சித்தி."

"பாதி மூட்டையா! மானுக்கெல்லாம் கல்யாணச் சாப்பாடே போட்டுட்டியேடா, கோல்பி."

"நடீன், திறப்பு நாளை நீ இதுவரைக்கும் விட்டதில்ல," என்றார் சித்தப்பா. "மொத வெடிச் சத்தம் கேட்டுட்டா அப்புறம் மானெல்லாம் பகல்ல தலை காட்டாது. வருஷம் போயிரும்."

"இரை போட்டும் நான் சுட்டதில்ல. இடுப்பு மாத்தின இந்த வருஷம் பாத்தா அதை ஆரம்பிக்கணும்? போன வருஷம் மேலப் பண்ணைக்காரன் இதே மாதிரி மாட்டினப்ப, வேலிகிட்ட நின்னு சிரிச்சது யாரு?"

சித்தப்பா துப்பாக்கிக் குழாயை மிகக் கவனமாகத் துடைத்தார்.

"நாளைக்கே சுத்தம் பண்ணினா இருபத்தொண்ணாம் தேதி உக்காரலாம்," என்றேன். "இருபத்தஞ்சு வரைக்கும் சீசன் இருக்கு."

"ஒரு மணி கிடந்தாலும் நான் உக்கார மாட்டேன். சனிக்கிழமை யாருக்கும் சமைக்கவும் மாட்டேன். அன்னிக்கு எங்கிட்ட யாரும் பேச வேணாம்." சித்தி உள்ளே போய்விட்டார். கோல் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

வாரினால் மணிகள் மண்ணுக்குள் போய்விடும் என்று எனக்குக் கவலை. சித்தப்பாதான் யோசனை சொன்னார்.

"பட்டறையில தூசி உறிஞ்சுற மிஷின் இருக்குல்ல? ஜெனரேட்டர்ல மாட்டினா இழுத்துரும்."

"பயிரையும் இழுத்துராதா?"

"நல்லா வேர் விட்டிருந்தா வராது. மண்ணெல்லாம் சோதிச்சு விதைச்ச ஆளுதானே நீ?"

வேர் பிடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இழுத்துப் பார்க்கவில்லை.

நாளை: வெளிச்சம் வந்ததும் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றவேண்டும். மிஷினை வடக்கு ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். மிச்சத்தைக் கையால் பொறுக்க வேண்டும். வண்டி பாத்திக்கு வெளியே நிற்க வேண்டும்.