நடுப்பலகை

1

இந்தக் கதை ஒரு தச்சனின் கேள்வியிலிருந்து வந்தது. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், என் படகின் கேபினுக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டு, காதில் பென்சிலைச் செருகியபடி ஜெபசிங் கேட்டான்: "படுக்கை ஒத்தையா, ரெட்டையா சார்?"

ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அந்த வார்த்தையால் நடந்தவைதான் கதை. வெள்ளிக்கிழமை மாலை எழுதத் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன் முடித்தாக வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

கதையில் எனக்குப் பர்னபாஸ் என்று பெயர். [வெளியிலும் அதுதான்.] "நான்" என்று எழுதிப் பார்த்தேன், மூன்றாவது வரியிலேயே வாக்கியம் குழைந்துவிட்டது. ஆகவே படகில் நடப்பதெல்லாம் "அவன்". எழுதும்போது நடப்பது மட்டும் "நான்". இந்த ஏற்பாட்டில் கதை நிற்கும்.

2

தொடக்கங்கள்.

"முத்துக்குளித்துறையின் நீலக் கடல் அன்று காலை" — இல்லை. இந்தக் கடலை நீலம் என்று சொல்பவர்கள் ரயிலில் வந்து இறங்கியவர்கள்.

"மனைவி இறந்த ஓராண்டுக்குள் பர்னபாஸ் தன் வாழ்க்கையை" — இல்லை. அவன் வாழ்க்கையை ஒன்றும் செய்யவில்லை. ஒரு பலகையை மாற்றினான்.

"படகு ஒரு காலத்தில் ஒரு கப்பலின் லைஃப் போட்டாக இருந்தது."

இது நிற்கும்.

3

படகு ஒரு காலத்தில் ஒரு கப்பலின் லைஃப் போட்டாக இருந்தது. கப்பல் உடைப்புக்குப் போனது. படகு மட்டும் கரையில் தங்கிவிட்டது. பர்னபாஸ் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. அவனும் ஹில்டாவும் அதை வாங்கி, பாதிக்கு மேல்தளம் போட்டு, பாய்மரம் நட்டு, நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கேபினும் கட்டினார்கள். பெரிய கப்பல்கள் எல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தன. பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு நடுவே படகைக் கட்ட இடம் கிடைத்தது.

இந்த ஊரில் படகு வைத்திருப்பவர்கள் மீன் பிடிப்பார்கள், இல்லையென்றால் சரக்கு ஏற்றுவார்கள். சும்மா போய்வரப் படகு வைத்திருந்தவர்கள் இவர்கள் இருவர்தான். முக்குக் கடை ராஜதுரை அண்ணாச்சி அவர்களுக்குக் "காத்து வாங்கப் போறவுக" என்று பெயர் வைத்திருந்தார். தீவு தீவாகத் தங்கிப் பாம்பன் வரைக்கும் போவது அவர்களுடைய திட்டம்.

தங்குவதற்குப் படுக்கை வேண்டும். கேபினில் இருந்தது ஒரு பக்கமாக ஆணியடித்த ஒன்றரை அடிப் பலகை, அதன்மேல் ஓலைப்பாய். ஹில்டா அதை முதலில் பார்த்தபோது சொன்னாள்:

"இதுல ஒரு ஆளு படுக்கலாம். இன்னொரு ஆளு பக்கத்துல முட்டுப்போட்டுச் செபம் பண்ணலாம்."

அவள் கேட்டது அகலமான படுக்கை. அடியில் முழுப் பலகை கூடாது. இடைவெளி விட்டு ரீப்பர்ச் சட்டங்கள் அடிக்க வேண்டும். அப்போதுதான் காற்று போகும், மெத்தை பூசணம் பிடிக்காது. மெத்தை இலவம்பஞ்சு. இலவம்பஞ்சு மிதக்கும். "படகு கவுந்தாலும் படுத்துக்கிட்டே கரை சேந்திரலாம்லா."

மெத்தை வருவதற்கு முன்னால் ஹில்டா இறந்தாள்.*

* மஞ்சள் காமாலை. அதைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான்.

4

இந்த மாசியில் பர்னபாஸ் பாம்பனுக்குத் தனியாகப் போவதென்று தீர்மானித்து ஜெபசிங்கைக் கூப்பிட்டான்.

ஜெபசிங் தோணித் தச்சன். வாய் ஓயாதவன். தான் போட்ட கட்டிலில் படுத்தவர்களுக்கெல்லாம் ஆண்பிள்ளை பிறந்ததாகச் சொல்லிக்கொள்வான். படுக்கைக்கு அளவு நாடா எடுக்கமாட்டான்; படுக்கப்போகிறவரையே தரையில் படுக்கவைத்துச் சுற்றிலும் கோடு போடுவான்.

"படுங்க சார். நல்லா நீட்டிக்கிட்டு, செத்த மாதிரி." நாக்கைக் கடித்துக்கொண்டான். "தூங்குத மாதிரி."

பர்னபாஸ் படுத்தான்.

"இது என்ன, சுவத்தோட ஒட்டிக்கிட்டு? நடுவுல வாங்க."

நடுவில் வந்தான். ஜெபசிங் கோடு போடக் குனிவதற்குள் மறுபடி இடது ஓரத்துக்குப் போயிருந்தான். [உடம்பு போயிருந்தது. "அவன் போனான்" என்று எழுதினால் யோசித்துப் போனதுபோல் ஆகிறது.]

"நீங்க அங்கன ஒதுங்கிக் கெடந்தா இங்கன யாரு படுக்கதுக்கு?" ஜெபசிங் பென்சிலைக் காதில் செருகினான். "சரி, சொல்லிருங்க. படுக்கை ஒத்தையா, ரெட்டையா சார்?"

"ரெட்டை."

"அப்படிச் சொல்லுங்க."

ஜெபசிங்கின் முகம் மலர்ந்தது. பெரிய வேலை கிடைத்த மகிழ்ச்சி என்று பர்னபாஸ் எடுத்துக்கொண்டான். அது வேறு மகிழ்ச்சி.

5

இங்கே கதையை நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில், மனைவி இறந்தவனிடம் மறுகல்யாணம் பற்றி வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறானா, கட்டில் மாற்றுகிறானா என்று. செய்தால் அதுதான் பதில். இறந்தவளுக்குக் கல்யாணமாகாத தங்கை இருந்தால் பதில் நேராக அந்த வீட்டுக்குப் போய்விடும்.

ஹில்டாவுக்குத் தங்கை உண்டு. பெயர் பிலோமி.

பர்னபாஸ் இந்தக் கரையிலேயே பிறந்தவன். இதெல்லாம் தெரியும். ஆனால் அவன் மாற்றியது வீட்டுக் கட்டிலை அல்ல. படகில் இருக்கும் பலகையையும் ஊர் கட்டிலாக எடுத்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஜெபசிங் மெத்தைக் கடையில் சொன்னான். மெத்தைக் கடையிலிருந்து பேச்சு ஹில்டா பிறந்த கடலோர ஊரான புன்னைக்காயலுக்குப் போனது. புதன்கிழமை ஹில்டாவின் தாய் அந்தோணியம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். விரிப்பில் கட்டிய மூட்டையில் இரண்டு தலையணைகள்.

"ரெட்டைன்னு கேள்விப்பட்டேன் மாப்பிள்ளை. கடைக்காரன் கொட்டையோட வச்சித் தச்சிருவான். அதான் நானே பஞ்சு அடைச்சுக் கொண்டாந்தேன்."

"அது படகுக்குப் போட்டது அத்தை."

"படகுல படுத்தா தலை இருக்காதா?"

உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். இறந்த மனைவியின் தங்கையைக் கட்டுவதற்குப் பிஷப்பின் உத்தரவு வேண்டும்; அதையும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"நீங்க ஞாயித்துக்கிழமை எங்க ஊருப் பூசைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். சாமியாரு பிஷப்புக்கு எழுதிப் போட்டிருவாரு. நான் இன்னும் ஒருத்தர்ட்டயும் சொல்லல. நாலஞ்சு பேர்ட்டதான்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். படுக்கை ஹில்டா கேட்டது, வேறு அர்த்தம் இல்லை என்று. பர்னபாஸ் வாயைத் திறந்தான். அந்தோணியம்மாள் ஒரு தலையணையைத் தட்டித் தட்டி அதன் மூலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஹில்டா போனதிலிருந்து அவள் கையில் இப்படி ஒரு சுறுசுறுப்பை அவன் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டான்.

ஆகவே நிலைமை இது. ஞாயிற்றுக்கிழமை அவன் இல்லை என்று சொன்னால், ஊர் பார்க்கத் தலையணை போய்த் திரும்பிவந்த பெண் என்ற பெயரோடு பிலோமி புன்னைக்காயலில் நடமாட வேண்டும். சரி என்று சொன்னால், ஒரு தச்சன் தப்பாகப் புரிந்துகொண்டதற்காக இரண்டு பேர் ஆயுள் முழுக்கச் சேர்ந்து வாழ வேண்டும்.

6

படுக்கை வியாழக்கிழமை முடிந்தது. நல்ல வேலை. படகின் மூக்குப் பக்கம் குறுகுவதற்கேற்ப மெத்தையின் மூலையைச் சாய்வாக வெட்டித் தைத்திருந்தார்கள். ரீப்பர் இடைவெளியில் காற்று வந்தது. பர்னபாஸ் இடது ஓரத்தில் படுத்தான்.

ஒரு மோட்டார் லாஞ்சு கடந்து போனது. அதன் அலையில் படகு சாய, அவன் அந்த அகலம் முழுவதும் உருண்டு வலது பக்கச் சுவரில் முழங்கையை இடித்துக்கொண்டான்.

[இங்கே ஒரு பெரிய வாக்கியம் எழுதியிருந்தேன். ஹில்டாவின் பக்கம், வெறுமை, அப்படி. எடுத்துவிட்டேன். முழங்கை வலித்தது.]

ரெட்டைப் படுக்கை துறைமுகத்துக்குச் சரி. கடலில் ஆளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற ஒடுக்கமான இடம்தான் தூங்க ஏற்றது. ஹில்டா கேட்ட படுக்கையில் ஒருவர் பாம்பன் போக முடியாது. பழைய ஒன்றரை அடிப் பலகையை ஜெபசிங் விறகுக்குக் கொண்டுபோயிருந்தான்.

7

பிலோமியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவள் தலைகுனிந்து முந்தானை நுனியை — அடித்துவிட்டேன். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. இரண்டாவதில் ஆவேசமாக ஒரு பக்கம் பேசினாள். அது என் பேச்சு. மூன்றாவதாக, நடந்ததை மட்டும் வைக்கிறேன்.

அவள் தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. மில்லர்புரத்தில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் துறைமுகத்துக்கு வந்தாள்.

"ஏறலாமா அத்தான்?"

"ஏறு. பாத்து."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். கேபினுக்குள் குனிந்து நுழைந்து, மெத்தையை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு ஏறிப் படுத்தாள். இடது ஓரத்தில் இல்லை, வலது ஓரத்திலும் இல்லை. நட்டநடுவில்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் கூரையைப் பார்த்து. "யாருக்கு?"

பர்னபாஸ் கேபின் வாசலில் நின்றான்.

"கேக்கேன்லா. அக்காவுக்கா, எனக்கா?"

"போடச் சொன்னப்ப அக்காவுக்கு."

"இப்ப?"

"தெரியல."

"உங்களுக்குத்தான் தெரியல. ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு." எழுந்து உட்கார்ந்தாள், தலை கூரையில் இடித்தது. தடவிக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தி வாழ்த்துச் சொல்லுதா. எதுக்குன்னு நான் அவட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"தப்புதான்."

"இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிடுங்க. படகுல ஏறினா எனக்குக் குமட்டும். இப்பமே குமட்டுது."

"புன்னைக்காயல்ல பொறந்தவளுக்கா?"

"பொறந்தது வீட்டுலதான். தண்ணியில இல்ல."

அவன் சிரித்தான். [வெகுநாளைக்குப் பிறகு என்று எழுதி அடித்தேன். சிரித்தான், அவ்வளவுதான்.]

அப்போது ஒரு தோணி கடந்து போனது. படகு சாய்ந்தது. பிலோமி மெத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்தையாப் படுத்தா உருட்டி விட்டிரும் போலயே. இதுக்கு நடுவுல ஒரு பலகை வையுங்க அத்தான். ஆளு ஒண்ணுன்னா சொருகிக்கிடுங்க. ரெண்டுன்னா உருவிருங்க." படுக்கையை விட்டு இறங்கினாள். "ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு சொன்னா நான் ஒண்ணும் கடல்ல விழ மாட்டேன். நாலு நாளு பேசுவாவ, அடுத்த வீட்டுக் கதைக்குப் போயிருவாவ. ஆனா சரின்னு சொல்லதா இருந்தா, சாமியார்ட்டச் சொல்லுததுக்கு முன்ன எங்கிட்ட வந்து கேளுங்க."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"நல்லாருக்கே. கேக்காமலே பதில் வேணுமாக்கும்."

கரையில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். குமட்டல் உண்மைதான்.

8

முடிவுகள். எனக்கு இவை எல்லாவற்றையும் எழுதத் தெரியும்.

காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது. தெற்குக் காற்று பாம்பனுக்குத் தோது. பர்னபாஸ் பலகையைச் சொருகி, கயிற்றை அவிழ்த்து, பாயை ஏற்றுகிறான். கீழவைப்பார் கடந்ததும் கரை மெல்லிய கோடாகிறது. இந்த முடிவில் நல்ல வாக்கியங்கள் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்தோணியம்மாள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது மட்டும் வராது.

அல்லது படகிலேயே புன்னைக்காயலுக்கு. அது தெற்கே இருக்கிறது; காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து போய்ச் சேர்வதற்குள் பூசை முடிந்து, சாமியார் கோயில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். உருக்கமான முடிவு. இதில் பர்னபாஸ் எதுவும் சொல்லத் தேவையில்லை. காற்றின் மேல் பழியைப் போடலாம். ஆகவே வேண்டாம்.

அல்லது பஸ்ஸில். யாரும் பஸ்ஸில் போய்க் கதையை முடிப்பதில்லை. ஆனால் தலையணைகள் பஸ்ஸில்தான் வந்தன.

அல்லது மில்லர்புரத்துக்கு நடந்து. பிலோமி ஊருக்குப் போவது சனிக்கிழமை கடைசி பஸ்ஸில். அதுவரை சித்தி வீட்டில்தான் இருப்பாள். இந்த முடிவில் பர்னபாஸ் கதவைத் தட்டுகிறான், பிலோமி திறக்கிறாள், அவன்

9

இன்று சனிக்கிழமை. நேற்றே சொல்லியனுப்பியிருந்த நடுப்பலகையை ஜெபசிங் மத்தியானம் கொண்டுவந்தான். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பலகை செங்குத்தாக நிற்கக் காடிப் பள்ளம் வெட்டி, சொருகிப் பார்த்தான். உருவிப் பார்த்தான். இரண்டும் லேசாக நடந்தன.

"இது எதுக்கு சார்? சண்டை வந்தாப் போட்டுக்கிடவா?"

"வச்சிட்டுப் போம்."

"சொருகி வைக்கவா, எடுத்து வைக்கவா?"

"சும்மா வையும்."

ஜெபசிங் போன பிறகு நான் படுத்தேன். [ஆமாம், "நான்". திருத்தப்போவதில்லை.] பலகை போடாமல் இடது ஓரத்தில் படுத்தேன். தூங்கிவிட்டேன். ஏதோ தோணியின் அலையில் விழித்தபோது நடுவில் கிடந்தேன். அலை உருட்டியதா, தூக்கத்தில் நானே வந்தேனா என்று சொல்ல முடியாது. முழங்கை எங்கும் இடிக்கவில்லை.

இதை அந்தப் பலகையை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுதுவதற்குத் தோதான பலகை. எழுதி முடித்ததும் இதை எங்கேயாவது வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மேலே சொன்ன நாலாவது முடிவை வேண்டுமென்றேதான் பாதியில் விட்டேன். அவன் கேட்க வேண்டியது எனக்குத் தெரியும். அதற்கு வரும் பதிலை நான் எழுதினால், அவளைக் கேட்காமல் சொன்னவர்களில் நானும் ஒருவன் ஆகிவிடுவேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை எப்போதோ கழிந்திருக்கும். பழைய துறைமுகத்துப் பக்கம் வந்தால் கேபினுக்குள் எட்டிப் பாருங்கள். பலகை காடியில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்து முடிவை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுதுவதற்கு முன் பிலோமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.